ஒரு சிட்டிகை உப்பும் ஐந்து கிலோ பக்தியும்

“…பூ நல்லா இருக்கு, பொட்டு நல்லா இருக்கு, எல்லாமே அழகாத்தான் இருக்கு, கோமதி. ஆனா அவ எங்கே?”

கேட்டது ரூத்தா. வீடியோ கால். அவள் நின்றது லித்துவேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். பக்கத்தில் சக்கரக் கட்டிலில் அவளுடைய அம்மா, தலையில் பச்சைத் தொப்பியோடு படுத்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் இருதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் ‘அவளை’ ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார்.

நான் நின்றது துபாய் கராமாவில், எங்கள் வீட்டுச் சமையலறையில். என்னைச் சுற்றி ஆறு பெண்கள். எதிரே ஐந்து கிலோ கல் உப்பு. ‘அவள்’ அந்த உப்புக்கு அடியில்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அளவு தெரியாது. சோறு போட்டால் தட்டு தெரியக்கூடாது, பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்கு மூச்சு வரக்கூடாது. ‘அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழியை மட்டும் என் வாழ்நாளில் ஓர் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். (சொல்வதற்குத்தானே பழமொழி.)

நான் ஸ்கூல் பஸ்ஸில் ஆயா வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, பெல்ட் போடுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது. பள்ளிக்கூடம் போய்ப் படித்ததைவிடப் பள்ளிக்கூட பஸ்ஸில் படித்ததுதான் அதிகம், இங்கிலீஷ் உட்பட. அதே பள்ளியில் ரூத்தா நீச்சல் டீச்சர். ஆறடி உயரம், சணல் நிறத்தில் கூந்தல். அவளுக்குத் தங்க இடமில்லை என்று தெரிந்ததும், ‘எங்க வீட்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அல் கூஸில் ஓர் அலுமினியக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெயர் முருகேசன். “இருந்துட்டுப் போகுது. எப்படியும் நீ பேசுததுல ஒரு மாசத்துல அதுவா ஓடிரும்” என்றார்.

வந்த முதல் நாள் இரவு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ‘என்ன நிறம், என்ன உயரம், என்ன முடி’ என்று அவளை உச்சி முதல் பாதம் வரை புகழ்ந்து தள்ளினேன். மறுநாள் விடியற்காலை பஸ் டூட்டிக்குக் கிளம்பச் சமையலறைப் பக்கம் போனவள், கதவோரம் அப்படியே நின்றுவிட்டேன். மேடையில் ஒரு மண் தட்டு. அதன் நடுவே குட்டையாக ஒரு தேன்மெழுகுத் திரி எரிகிறது. ரூத்தா அதற்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நெருப்பில் போட்டாள். பட்டென்று வெடித்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

தமிழ்நாட்டில் பிறந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நெருப்பில் உப்பைப் போட்டால் என்ன அர்த்தம் என்று. திருஷ்டி கழிக்கிறாள்! ராத்திரி நான் புகழ்ந்ததற்கு விடிந்ததும் கழிக்கிறாள்! அதுவும் என் வீட்டில், என் உப்பில்!

“ஏங்க, என் கண்ணு கொள்ளிக்கண்ணா?” என்று இவரைத் தட்டி எழுப்பினேன்.

“ஏட்டி, விடியுமுன்ன இது என்ன கேள்வி?”

“அவ உப்பு சுத்திப் போடுதா. என் கண்ணு பட்டுட்டாம்.”

அவர் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்: “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாவ. பிள்ளை வெவரமாத்தான் இருக்கு.”

அன்றிலிருந்து பத்து நாள் நான் எதையும் புகழவில்லை. அவள் புது உடுப்புப் போட்டு வந்து காட்டினால் ‘ஏதோ பரவால்ல’ என்பேன். அவள் சுட்ட கேக்கை நாலு துண்டு தின்றுவிட்டு ‘சுமார்’ என்றேன். அவளைப் பார்த்துப் பேசினால்தானே கண் படும் என்று ஃபிரிட்ஜைப் பார்த்தே பேசினேன். ஆனாலும் அவள் தினமும் உப்புப் போட்டாள். நான் புகழாமலே இவ்வளவு திருஷ்டியா என்று எனக்கே என் கண்மேல் பயம் வந்துவிட்டது.

பதினோராவது நாள் காலை ரூத்தாவே கேட்டாள். (நாங்கள் இருவரும் பேசுவது இரண்டு நாட்டு ஓட்டை இங்கிலீஷ். இங்கே எல்லாவற்றையும் என் தமிழிலேயே தருகிறேன், அதில்தான் அவள் எனக்குப் புரிகிறாள்.)

“கோமதி, நான் உன் அடுப்பங்கரையில கும்பிடுறது உனக்குப் பிடிக்கலையா?”

“கும்பிடுதியா?”

அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவர்கள் நாட்டில் ரொம்பக் காலத்துக்கு முன்னால் இருந்த சாமிகளை இந்தக் காலத்தில் மறுபடியும் கும்பிடத் தொடங்கியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்களாம். ரூத்தாவின் அம்மா அதில் ஒருவர். அக்கம்பக்கத்தார் சிரித்திருக்கிறார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அடுப்பு நெருப்புதான் வீட்டுச் சாமி. பெயர் கபியா. காலையில் அவளை எழுப்பி, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு துணுக்கு ரொட்டியும் கொடுத்து, இன்றைக்கு என்னென்ன வேலை என்று அவளிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் வைத்து, தூங்கச் சொல்லி, மண் மூடியால் மூட வேண்டும். வாயால் ஊதவே கூடாது.

“நாங்களும் விளக்கை ஊத மாட்டோம்” என்றேன். “அணைன்னு வாயால சொல்லக்கூட மாட்டோம். மலையேத்துதோம்னு சொல்லுவோம்.”

ரூத்தாவின் கண் கலங்கிவிட்டது. பகல் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறவள், ஒரு நெருப்புக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன்.

“சரி, அவகிட்ட என்ன வேண்டிக்கிடுவே?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டிக்க மாட்டேன்.”

“ஒண்ணுமேயா? பிறகு எதுக்குக் கும்பிடணும்?”

“உன் வீட்டுக்காரருக்கு தினமும் சோறு போடுற. பதிலுக்கு வேண்டுதல் வைக்கிறியா?”

(வைக்கிறேன். அவர் ஒன்றும் நிறைவேற்றுவதில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.)

டிசம்பர் லீவில் அவள் ஊருக்குக் கிளம்பினாள். அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அங்கே வீட்டு அடுப்பு எரியவில்லை. இத்தனை வருஷத்தில் அது ஒரு நாள்கூட உப்பில்லாமல் இருந்ததில்லை. “அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை, ஆபரேஷன்கூட இல்ல. துபாய்ல நான் போட்டுட்டு இருக்கேன்னு சொல்லித்தான் சமாதானம் பண்ணி வச்சிருக்கேன். இப்போ நானும் கிளம்பணும்” என்று ரூத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இருக்கேன்லா? நீ தைரியமாப் போ. உன் சாமியை ராணி மாதிரி பாத்துக்கிடுதேன்.”

ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். அதில் ‘ஒரு சிட்டிகை’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதுதான் வெட்கம்.

முதல் நாள் ஒரு சிட்டிகை. “எந்திரி தாயி” என்று எழுப்பி, நான் பஸ் சீட் கவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்கப்போவதைச் சொன்னேன். இரண்டாம் நாள் யோசனை வந்தது. விருந்துக்கு வந்தவளுக்கு ஒரு சிட்டிகைதானா? ஊரில் கேட்டால் காறித் துப்பமாட்டார்களா? இரண்டு சிட்டிகை ஆக்கினேன். மூன்றாம் நாள் தட்டுக்குப் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சுற்றினேன். பொம்பளைச் சாமியை வெறும் நெற்றியாக எப்படி வைத்திருப்பது?

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நாலாம் நாள் லிஃப்டில் ஜெயந்தி அக்காவைப் பார்த்தேன். எட்டாம் மாடி, மதுரைக்காரர். எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. லிஃப்ட் தரைத்தளம் போவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டேன்.

“உப்பு வாங்குற அம்மனா?” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அடியேய், நம்ம ஊர்ல மாரியம்மனுக்கு உப்பு மிளகு கொட்டுறோம்ல? அதே ஆத்தாதான்டி இது! வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கா, அம்புட்டுதான்.”

அன்றே கைநிறைய உப்போடு வந்து மகனின் விசாவுக்கு வேண்டிக்கொண்டார். சாயங்காலமே விசா வந்துவிட்டது. (மூன்று வாரமாக இன்றோ நாளையோ என்று இருந்த விசா. ஆனால் பக்திக்கு முன் தேதியைப் பற்றிப் பேசக்கூடாது.)

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் ஆபரேஷன். அன்று காலை, ஆண்கள் எல்லாம் டூட்டிக்குப் போனதும், கதவு மணி அடித்தது. ஜெயந்தி அக்கா தலைமையில் ஆறு பேர். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் கல் உப்புப் பாக்கெட்டுகள், மிளகுப் பொட்டலம்.

“சூடம், சாம்பிராணி எல்லாம் கூடாதுக்கா. ஸ்மோக் அலாரம் அடிச்சிரும்” என்றேன்.

“அதுக்குத்தான்டி உப்பாக் கொண்டாந்திருக்கோம்.”

ஒருவருக்குக் கால் ஆணி. இன்னொருவருக்குப் பிள்ளையின் கணக்கு மார்க். ஒருவர் மாமியார் விசிட் விசாவில் வருவது தள்ளிப்போக வேண்டும் என்று காதோடு சொன்னார், நெருப்பின் காதோடு. ஒவ்வொருவராகக் கொட்டக் கொட்ட, திரியைச் சுற்றி உப்பு கரைகட்டி ஏறியது. நான் தடுத்தேனா? தடுக்கவில்லை. என் வீட்டுச் சாமிக்கு வந்த மவுசைப் பார்த்து மிளகை வேறு நீட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர் லலிதா. டிரைவிங் டெஸ்டில் ஏழு தடவை தோற்றவர். “ஒரு ஃபெயிலுக்கு ஒரு கைப்பிடி, தாயே” என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எண்ணிப் போட்டார். ஐந்தாவதில் நெருப்பு குனிந்தது. ஆறாவதில் மூச்சுத் திணறியது. “லலிதா, போதும்” என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏழாவது கைப்பிடி நேராகத் திரியின் தலையில் இறங்கியது.

சொய்ங். ஒரு கோடு புகை. அவ்வளவுதான்.

விளக்கு தானாக அணைந்தால் என்ன சகுனம் என்று அந்த அறையில் இருந்த ஏழு பேருக்கும் தெரியும். அது என்ன நாள் என்று எனக்கு மட்டும் கூடுதலாகத் தெரியும். ஒருத்தி நம்பிக் கொடுத்துவிட்டுப் போனதை, அவளுடைய அம்மாவின் நெஞ்சைப் பிளக்கப்போகிற அன்றைக்கே பார்த்து, சோறு போட்டே கொன்றிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

“ஆனா அவ எங்கே?”

“நெட்வொர்க் சரியில்லைன்னு சொல்லிக் கட் பண்ணுடி” என்று ஜெயந்தி அக்கா கிசுகிசுத்தார். லலிதா கேஸ் லைட்டரைத் தேடினார். சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் தோண்டி எடுத்து ஏற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி காட்டியிருக்கலாம். ஆனால் திரையில் அந்த அம்மாவின் கண்கள் தெரிந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளை, அழைத்துப்போக வந்த கூட்டத்தில் தன் அம்மாவின் முகத்தைத் தேடுமே, அப்படித் தேடிக்கொண்டிருந்தன. அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

“ரூத்தா, என்னை மன்னிச்சிரு. நாங்க நெறையப் போட்டுட்டோம். உப்புக்குள்ள இருக்கா. அணைஞ்சிட்டா.” அந்தச் சொல்லை வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

போனைத் திருப்பி அந்த உப்பு மலையைக் காட்டினேன். அதன் உச்சியில் ஒரு மல்லிகைப் பூ வேறு.

அம்மா ரூத்தாவின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் சுருங்கியது. தோள் குலுங்கத் தொடங்கியது. ஐயோ, ஆபரேஷனுக்கு முன்பே நெஞ்சுவலியை வரவழைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நர்ஸ் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். ரூத்தா அழுகையும் சிரிப்புமாக அதை எனக்குச் சொன்னாள்: “அம்மா சொல்றாங்க, இத்தனை வருஷத்துல அவ வயிறு முட்டச் சாப்பிட்டது இன்னைக்குத்தானாம். உண்ட மயக்கத்துல தூங்குறாளாம். மெதுவா எழுப்பணுமாம்.”

“எப்படி எழுப்ப? உங்க வார்த்தை ஒண்ணும் எனக்குத் தெரியாதே.”

“உன் பாஷையிலயே எழுப்பு. உன் வீட்லதானே இருக்கா.”

ஜெயந்தி அக்கா போனைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு கையாலும் உப்பை அள்ளி ஒதுக்கினேன். மற்றவர்கள் முந்தானையில் வாங்கிக்கொண்டார்கள். அடியில் திரி கிடைத்தது. துடைத்து நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது என் கண்ணீரிலோ வேர்வையிலோ அணைந்தது.

“எந்திரி தாயி” என்றேன். “விடிஞ்சிட்டு. தப்பு எங்க மேலதான். இனிமே அளவாப் போடுதேன். அங்க ஒரு அம்மா உன்னைப் பாத்துட்டுப் போவணும்னு காத்துக் கெடக்கா. எந்திரி.”

மூன்றாவது குச்சியில் எழுந்தாள்.

திரையில் அந்த அம்மா உதடு அசைய ஏதோ சொன்னார். வேண்டியிருக்க மாட்டார். இன்றைக்கு என்ன வேலை என்று சொல்லியிருப்பார். கட்டில் நகர்ந்தது, போன் கட்டானது.

பிறகு நாலு மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பட்டுப் புடவையோடு ஆறு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “என் லைசென்ஸ் கெடக்கட்டும் தாயே, அந்தம்மா பொழைச்சு வரட்டும்” என்று லலிதா ஆரம்பித்தார்.

“கேக்கக்கூடாதாம் லலிதா. இன்னைக்கு நாம என்ன செய்யப்போறோம்னு மட்டும்தான் சொல்லணும்” என்றேன்.

லலிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெருப்பைப் பார்த்துச் சொன்னார்: “நான் இன்னைக்கு இங்கயே உக்காந்திருக்கப்போறேன்.” அடுத்தவரும் அதையே சொன்னார். ஜெயந்தி அக்கா மட்டும், “நான் உக்காந்துக்கிட்டே எல்லாத்துக்கும் தக்காளி சாதம் கிளறப்போறேன்” என்றார். வெள்ளிக்கிழமை அரை நாள் டூட்டி முடிந்து வந்த முருகேசன், வாசலில் செருப்புக் குவியலையும், உள்ளே முந்தானை நிறைய உப்போடு உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்துவிட்டு, தன் செருப்பையும் அந்தக் குவியலில் விட்டுவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

இரண்டரை மணிக்குச் செய்தி வந்தது. நல்லபடியாக முடிந்தது, அம்மா கண் விழித்துவிட்டார் என்று. லலிதா என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் மடியிலிருந்த உப்பு முழுவதும் தரையில். (அதில் வழுக்கி விழுந்தது நான்.)

அந்த உப்பை என்ன செய்வது? சாமிக்குப் போட்டதைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. எலுமிச்சங்காய் வாங்கி ஊறுகாய் போட்டோம். கட்டடத்தில் அத்தனை வீட்டுக்கும் ஒரு பாட்டில் போனது. லலிதா எட்டாவது தடவையும் தோற்று, ஒன்பதாவதில் தேறினார்.

எங்கள் வீட்டில் இதன் பிறகு நான் நிம்மதியாகப் பரிமாற முடிவதில்லை. இரண்டாவது கரண்டி சோற்றுக்குக் கை போனால் போதும், “ஏட்டி, போதும், நான் அணைஞ்சிருவேன்” என்று இவர் தட்டை மறைத்துக்கொள்வார். இப்போது ஊரிலும் அதைச் சொல்கிறார்கள். என் தம்பி பிள்ளை கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் பாயசக்காரரைக் கையமர்த்தி “அணைஞ்சிருவேன்” என்றபோது, நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ரூத்தா ஜனவரியில் திரும்பி வந்தாள். அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல், அவள் வேறு வீடு பார்க்கப்போகிறாள் என்றே நினைத்து, இரவெல்லாம் புரண்டேன். உப்பு ஜாடியைக்கூட வெட்கத்தில் மேல் அலமாரியில் ஏற்றி வைத்திருந்தேன். விடியற்காலை சமையலறையில் வெளிச்சம் தெரிந்து போனேன். மண் தட்டில் நான் தேய்த்தும் போகாத பொட்டு அப்படியே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. திரியை ஏற்றி, தன் பாஷையில் எழுப்பினாள். அவள் உயரத்துக்கு அந்த மேல் அலமாரி ஒரு பொருட்டா, எட்டி ஜாடியை எடுத்தாள். நெருப்புக்குப் போடப்போனவள் நின்று, என்னைப் பக்கத்தில் இழுத்து, என் உள்ளங்கையை விரித்து, மூன்றே மூன்று கல் உப்பை எண்ணி வைத்தாள். பிறகு உப்பு ஜாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவள் உப்புப் போடுவதை முதன்முதலில் பார்த்து நான் நின்ற அந்தக் கதவோரத்தில் போய் நின்றாள்.